பைக் பதிவு: தகுதி பார்ப்பது வண்டிக்கா, உங்களுக்கா?

"லைசென்ஸ் இல்லாமல் பைக் பதிய முடியாது." "பதினெட்டு ஆகாதவன் பேரில் வண்டியே எடுக்க முடியாது." "ஆதாரில் திருநெல்வேலி என்று இருந்தால் சென்னையில் நம்பர் கிடைக்காது." "எலக்ட்ரிக் வண்டிக்கு நம்பரே வேண்டாம்." டீக்கடையில் தொடங்கி ஷோரூம் வாசல் வரை இந்த நான்கையும் அடித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. சட்டப்படி முதல் மூன்றும் தவறு. நான்காவது பாதி சரி, அந்தப் பாதியை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் ஒன்றுதான். வண்டியைப் பதிவு செய்வது, வண்டியை ஓட்டுவது, வண்டியால் வரும் சேதத்துக்குப் பொறுப்பேற்பது என்ற மூன்று தனித்தனி விஷயங்களை நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் மூன்றும் ஒரே பர்சில் இருப்பதால் இப்படி ஆகிவிட்டதோ என்னவோ. இந்தக் கட்டுரை முதல் விஷயத்தை மட்டும் பார்க்கிறது: இந்தியாவில் ஒரு பைக் பதிவாக என்ன தகுதி வேண்டும்?

பட்டா மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்

நிலம் வாங்கிப் பட்டா மாற்றப் போகிறீர்கள். தாலுகா அலுவலகத்தில் என்ன பார்ப்பார்கள்? முதலில், அந்த சர்வே எண்ணில் அப்படி ஒரு நிலம் கணக்கில் இருக்கிறதா. இரண்டாவது, அது உங்கள் கைக்கு வந்ததற்குப் பத்திரம் இருக்கிறதா. மூன்றாவது, அந்த நிலம் இந்தத் தாலுகாவில்தான் வருகிறதா. உங்களுக்கு உழத் தெரியுமா என்று தாசில்தார் கேட்பதில்லை.

பைக் பதிவும் அதே கணக்குதான். இந்த வண்டி சாலைக்கு வரத் தக்க வண்டியா? இது இவருடையதுதானா? இது வழக்கமாக நிற்கும் இடம் நம் எல்லைக்குள் வருகிறதா? மூன்றுக்கும் ஆம் என்று காகிதத்தில் காட்டினால் நம்பர். ஓட்டத் தெரியுமா என்பது இந்தக் கவுன்டரில் கேட்க வேண்டிய கேள்வி அல்ல.

இதற்கான விதிகள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. ஒன்று மோட்டார் வாகனச் சட்டம், 1988. மற்றது அதன் கீழ் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. பதிவை எப்போது மறுக்கலாம் என்று சட்டத்தின் 45-ஆம் பிரிவே சொல்லிவிடுகிறது: திருட்டு வண்டி என்று நம்பக் காரணம் இருந்தால், வண்டியில் இயந்திரக் கோளாறு இருந்தால் அல்லது அது சட்டம் கேட்கும் தரத்தில் இல்லாவிட்டால், கேட்ட விவரத்தைத் தராமலோ தவறாகத் தந்தோ இருந்தால். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். "சார் இல்லை, நாளைக்கு வாங்க" இந்தப் பட்டியலில் இல்லை.

முதல் கேள்வி: இது பதியத் தக்க வண்டியா?

நடைமுறையில் பெரும்பாலான சிக்கல் இங்கேதான் முளைக்கிறது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பதிவு வேண்டுமா என்பதற்கே ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. நான்குக்கும் குறைவான சக்கரங்களும், 25 சிசிக்கு மேற்படாத இன்ஜினும் உள்ள வண்டி சட்டத்தின் பார்வையில் மோட்டார் வாகனமே அல்ல. எலக்ட்ரிக் வண்டிகளுக்கு அளவுகோல் வேறு. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குக் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்து, பரிசோதனை நிறுவனத்தின் சான்றும் இருந்தால் அதற்குப் பதிவு தேவையில்லை. இந்த இரண்டு எண்களில் ஒன்றைத் தாண்டினாலும் அது மற்ற பைக்குகளைப் போல முழு மோட்டார் வாகனம்: பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ், ஹெல்மெட் எல்லாம் உண்டு. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தோடு ஓடும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் இந்த வகைதான்.

"நம்பர் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம்" என்று விற்கும் கடையில் இன்னொரு வாசகமும் காதில் விழும்: "உள்ளே ஒரு ஒயரைக் கழற்றிவிட்டால் நாற்பது, நாற்பத்தைந்து போகும் சார்." அந்த ஒயரைக் கழற்றிய நிமிடமே வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடும். விற்றவருக்கு என்ன, ரோட்டில் நிற்கப் போவது நீங்கள்.

சரி, மோட்டார் வாகனம்தான் என்று ஆகிவிட்டது. அது சாலைக்குத் தகுதியானது என்று யார் சொல்வது? நாட்டில் விற்கும் ஒவ்வொரு பைக்கையும் தனித்தனியாகச் சோதிப்பது நடக்கிற காரியம் இல்லை. அதனால் தயாரிக்கும் கம்பெனி தன் மாடலின் மாதிரி வண்டியை, அரசு அங்கீகரித்த பரிசோதனை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். புனேயில் உள்ள ஏஆர்ஏஐ அப்படி ஒன்று. நம் ஒரகடத்தில் இருக்கும் ஜிஏஆர்சி இன்னொன்று. பிரேக், விளக்கு, சத்தம், புகை எல்லாம் விதிப்படி இருக்கின்றனவா என்று அங்கே சோதித்து, அந்த மாடலுக்கு ஒரு சான்று தருவார்கள். இதற்கு மாதிரி ஒப்புதல் என்று பெயர். ஷோரூமில் 'டைப் அப்ரூவல்' என்பார்கள். அதற்கப்புறம் அதே மாடலில் வரும் ஒவ்வொரு வண்டிக்கும், "இது அந்த ஒப்புதலின்படி செய்ததுதான், சாலைக்குத் தகுதியானது" என்று கம்பெனி எழுதித் தரும். அதுதான் படிவம் 22.

பட்டறையில் கைத்திறமையால் கட்டிய வண்டிக்கு நம்பர் கிடைக்காத காரணம் இப்போது தெரிந்திருக்கும். பழைய இன்ஜின், புது சேசிஸ், வேறெங்கோ வாங்கிய ஃபோர்க் என்று ஒரு மெக்கானிக் அற்புதமாக ஒரு பைக்கை உருவாக்கலாம். கல்லூரி மாணவர்கள் புராஜெக்டுக்குச் செய்யலாம், ஊர்ப் பத்திரிகையில் படமும் வரலாம். ஆனால் அதற்குப் படிவம் 22 கொடுக்க யாரும் இல்லை. வண்டி நன்றாக ஓடுகிறதா என்பது அப்புறம். அது எந்த ஒப்புதலின் பிள்ளை என்பதுதான் முதல் கேள்வி.

தகுதிக்குத் தேதியும் உண்டு

மாதிரி ஒப்புதல் ஒருமுறை வாங்கினால் காலத்துக்கும் செல்லும் என்பதில்லை. விதிகள் மாறும்போது, இன்ன தேதிக்கு அப்புறம் பழைய தரத்தில் உள்ள வண்டி பதிவாகாது என்று கோடு போடுவார்கள். 2019 ஏப்ரல் 1 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏபிஎஸ் பிரேக் கட்டாயம், அதற்குக் கீழே உள்ளவற்றுக்குக் குறைந்தது சிபிஎஸ்ஸாவது வேண்டும் என்பது அப்படிப்பட்ட கோடு. ஏபிஎஸ் சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். சிபிஎஸ் ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரத்தையும் பிடிக்கும்.

புகைத் தரத்தில் இந்தக் கோடு எவ்வளவு கூர்மையானது என்பதை 2017 மார்ச் மாதக் கடைசியில் நாடே பார்த்தது. இந்தியாவின் புகைக் கட்டுப்பாட்டு அளவுகோலுக்குப் பாரத் ஸ்டேஜ் என்று பெயர், சுருக்கமாக பிஎஸ். பிஎஸ்-3 வண்டிகளை ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்கவோ பதியவோ கூடாது என்று மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்போது கம்பெனிகளிடமும் டீலர்களிடமும் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிஎஸ்-3 வண்டிகள் தேங்கியிருந்தன, பெரும்பகுதி இருசக்கர வண்டிகள். அடுத்த இரண்டு நாள் ஷோரூம்களில் துணிக்கடை ஆடித் தள்ளுபடியே தோற்றது. ஆயிரக்கணக்கில் விலையைக் குறைத்து, பில்லில் மார்ச் 31-ஐத் தாண்டாத தேதி விழுந்தால் போதும் என்று விற்றார்கள். 31-ஆம் தேதிக்குள் விற்றதற்கு ஆதாரம் இருந்தால் பதிவுக்கு அனுமதி உண்டு என்று தீர்ப்பிலேயே இருந்ததால், அந்த பில் ஒரு தாளாக இல்லாமல் வண்டியின் உயிராகவே ஆகிவிட்டது.

மூன்று வருடம் கழித்து பிஎஸ்-4-க்கு வந்த முடிவு இன்னும் கடுமையானது. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு அவை விற்பனைக்கும் இல்லை, பதிவுக்கும் இல்லை என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனால் 2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்துவிட்டது. பணம் கட்டி வண்டியை வீட்டில் நிறுத்தியவர்கள் நம்பர் இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். கடைசியில் அந்த ஆகஸ்டில், மார்ச் 31-க்குள் விற்று, அரசின் வாகன் இணையதளத்தில் விவரம் ஏற்றப்பட்ட வண்டிகளுக்கு மட்டும், டெல்லி வட்டாரம் நீங்கலாக, வழி விட்டது நீதிமன்றம். இந்தக் கதையில் வண்டியின் இன்ஜின் ஒரு நாளும் மாறவில்லை. காலண்டர் மாறியது, தகுதி போனது. வருடக் கடைசி ஸ்டாக் என்று மலிவாக ஏதாவது வந்தால் இதை நினைத்துக்கொண்டு, அடுத்த விதி எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்துவிட்டுக் கையை நீட்டுங்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வண்டி மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள் வர வேண்டும், அந்த மாடலுக்கு ஒப்புதல் இருக்க வேண்டும், அந்த ஒப்புதல் பதியும் நாளில் செல்லுபடியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: இது யாருடையது?

இதற்கான முக்கிய ஆதாரம் படிவம் 21, அதாவது டீலர் தரும் விற்பனைச் சான்று. பதிவு கோரும் விண்ணப்பம் படிவம் 20. இரண்டிலும் பெயர், சேசிஸ் எண், இன்ஜின் எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

வயதுக்கு வருவோம். சட்டத்தில் 'உரிமையாளர்' என்பதன் விளக்கத்தைப் படித்தாலே போதும்: யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர். அவர் மைனர் என்றால், அவருடைய பாதுகாவலர். அதாவது மைனர் பெயரில் வண்டி பதிவாகும் என்பதைச் சட்டமே எதிர்பார்த்து எழுதியிருக்கிறது. நடைமுறையில் இதை அதிகம் பார்க்க முடியாது. மைனர் ஒப்பந்தம் போட முடியாது என்பதால் கடன் கிடைக்காது, ஷோரூமும் தயங்கும். சிபாரிசும் செய்ய மாட்டேன். முடியாது என்பது மட்டும் தவறு.

ஆனால் பெயரில் இருப்பது வேறு, ஓட்டுவது வேறு. ஓட்டுவதற்குப் பதினெட்டு ஆக வேண்டும், 50 சிசிக்கு மேற்படாத வண்டி என்றால் பதினாறு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மைனர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவும் பன்னிரண்டு மாதத்துக்கு ரத்தாகும். பத்தாவதில் நல்ல மார்க் எடுத்த பையனுக்கு சாவியைக் கொடுக்கும் அப்பாக்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

லைசென்ஸ்? பதிவு விண்ணப்பத்துக்கான ஆவணப் பட்டியலில் ஓட்டுநர் உரிமம் கிடையாது. ஓட்டவே தெரியாத பாட்டி பெயரிலும் வண்டி எடுக்கலாம், ஒரு கம்பெனி பெயரிலும் எடுக்கலாம். பிறகு ஷோரூமில் ஏன் லைசென்ஸ் நகல் கேட்கிறார்கள்? பெரும்பாலும் இன்சூரன்ஸுக்காக. உரிமையாளரே ஓட்டி விபத்தில் சிக்கினால் கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு, லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்குத்தான் பொருந்தும். லைசென்ஸ் இல்லாதவர் அதை எழுத்தில் சொல்லிவிட்டு மேலே போகலாம். ஆனால் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது உங்கள் வண்டியால் மற்றவருக்கு வரும் சேதத்துக்கான காப்பீடு, இல்லாமல் பதிவு நடக்காது. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு இதை ஐந்து வருடத்துக்குச் சேர்த்து எடுக்க வேண்டும். ஆன்-ரோடு விலையைக் கேட்டதும் தலை சுற்றுவதற்கு இது ஒரு காரணம். ஆயுட்கால வரி இன்னொன்று: தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பைக்குக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம்.

கடனில் எடுத்தால், கடன் கொடுத்தவரின் பெயரும் ஆர்.சி.யில் ஏறும். இதற்கு ஹைப்பாதிகேஷன் என்று பெயர். நம் ஊரில் எச்.பி. என்பார்கள். வண்டி உங்களுடையதுதான், ஆனால் அவர்களின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. கடைசி தவணை கட்டியதும் இது தானாகப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. நிலுவை இல்லை என்ற கடிதமும் படிவம் 35-ம் கொடுத்து எச்.பி. கேன்சல் செய்ய வேண்டும்.

மூன்றாவது கேள்வி: வண்டி எங்கே நிற்கிறது?

சட்டத்தின் 40-ஆம் பிரிவு சொல்வது: வண்டி வழக்கமாக வைக்கப்படும் வீடோ தொழிலிடமோ எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலத்தில் பதிய வேண்டும். சொந்த ஊர் எது என்பது கேள்வியே இல்லை. முன்பு குறிப்பிட்ட ஆர்டிஓ எல்லைக்குள்தான் என்று இருந்ததை, 2019 திருத்தம் மாநிலத்தில் எந்தப் பதிவு அதிகாரியிடமும் என்று தளர்த்தியது. ஆகவே திருநெல்வேலி ஆதாரோடு சென்னையில் வேலை பார்ப்பவருக்கு வழி இருக்கிறது.

ஓசூரில் குடியிருந்து தினமும் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வண்டியில் போய்வருபவரை எடுத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் வண்டி கர்நாடகத்தில் நிற்கிறது, இரவு ஓசூர் வீட்டில். வீடு இங்கே, வண்டி தங்குவதும் இங்கே, அதனால் தமிழ்நாட்டு நம்பர் சரி. அவரே பெங்களூருக்குக் குடி பெயர்ந்துவிட்டால் கதை மாறும். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும். அதற்கு முதலில் பழைய ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று, அதாவது என்ஓசி, வாங்க வேண்டும்.

இந்தப் பன்னிரண்டு மாதத்தைத்தான் "ஒரு வருஷம் வரி கட்ட வேண்டாம்" என்று திரித்துப் பேசுகிறார்கள். அது நம்பருக்கான கெடு. வரி மாநிலச் சட்டத்தின் கையில் இருக்கிறது. வரி குறைவு என்று விழுப்புரத்திலோ கடலூரிலோ இருந்துகொண்டு பாண்டி நம்பர் எடுப்பவர்களின் சிக்கலும் இங்கேதான். வண்டி உண்மையில் நிற்காத முகவரியைக் காட்டினால், விவரத்தைத் தவறாகத் தந்த கணக்கில் வரும்.

அடிக்கடி மாநிலம் மாறுபவர்களுக்காக 2021-ல் பிஎச் வரிசை வந்தது. ராணுவத்தினர், மத்திய மாநில அரசு ஊழியர்கள், பொதுத்துறை ஊழியர்கள், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் கேட்கலாம். ஆசைப்பட்டவர் எல்லாரும் வாங்கும் ஃபேன்சி நம்பர் அல்ல.

கவுன்டரில் என்ன நடக்கிறது

இப்போது பெரும்பாலும் டீலரே இணையதளத்தில் விவரங்களை ஏற்றிவிடுகிறார். விண்ணப்பத்தோடு பாருங்கள், ஒரு ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். ஹேண்டிலுக்குக் கீழே சேசிஸில் வெட்டியிருக்கும் பதினேழு எழுத்து எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து எடுத்தது அது. எண்ணை எழுதிக் கொடுத்தால் தப்பாக எழுதலாம், ஏமாற்றியும் எழுதலாம். தேய்த்து எடுத்த பட்டையில் இரும்பில் இருப்பதுதான் வரும்.

டீலரிடம் வாங்கிய புது வண்டியை ஆய்வுக்குக் கொண்டுவர வேண்டியதில்லை என்று 2019 திருத்தம் சொல்கிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவந்த வேகம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டது. வேறு வகையில் வந்த வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர், நம் பேச்சில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்', நேரில் பார்ப்பார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ பதிவு இல்லாமல் டீலர் வண்டியை உங்கள் கையில் கொடுக்கவே கூடாது. "நம்பர் பின்னாடி வரும், இப்போ எடுத்துட்டுப் போங்க" என்று சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். பதிவில்லாத வண்டியை ஓட்டினால் முதல் முறையே 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம்.

பதிந்த பிறகும் தகுதி போகலாம்

பதிவு என்பது அந்த வண்டி அதே நிலையில் இருக்கும் வரைக்கும்தான். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக, கம்பெனி செய்த அடிப்படை வடிவத்தை மாற்றக் கூடாது என்கிறது 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. சேசிஸை வெட்டி நீட்டுவது, வேறு இன்ஜினை மாட்டுவது எல்லாம் இதில் வரும். மாற்றுத்திறனாளிகளுக்காகப் பக்கச் சக்கரம் பொருத்துவது போன்ற மாற்றங்களுக்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது, பதிவு அதிகாரியின் அனுமதியோடு.

பதிவின் ஆயுள் பதினைந்து வருடம். "பதினைந்து ஆனால் இரும்புக் கடைதான்" என்ற பேச்சு டெல்லி வட்டாரத்துக்கான உத்தரவிலிருந்து கிளம்பி இங்கே வந்தது. தமிழ்நாட்டில் தனியார் பைக்கை ஆய்வுக்குக் காட்டித் தேறினால், ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.

பழைய வண்டி வாங்கும்போது, பெயர் மாற்ற வாங்குபவருக்கு முப்பது நாள் அவகாசம். விற்றவரும் மாநிலத்துக்குள் என்றால் பதினான்கு நாளில் தெரிவிக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் வாங்கி பீரோவில் வைத்துவிட்டு வண்டியை ஓட்டுவது ஊரெங்கும் நடக்கிறது. அந்த வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டு நோட்டீஸ் ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்குத்தான் போகும். 2018-ல் உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லியிருக்கிறது. ஆகவே இந்த விஷயத்தில் வாங்குபவரை விட விற்பவர்தான் அவசரப்பட வேண்டும். உரிமையாளர் இறந்துபோனால், வாரிசு முப்பது நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் விண்ணப்பிக்கலாம்.

தாத்தாவின் ஜாவாவோ பழைய புல்லட்டோ தொழுவத்தில் கிடக்கிறது என்றால் அதற்கும் ஒரு கதவு 2021-ல் திறந்தது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகி, பெரிதாக எதையும் மாற்றாமல் அசல் வடிவில் இருந்தால் விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். பழைய நம்பர் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவோடு கண்காட்சிக்கும் விண்டேஜ் பேரணிக்கும் போகலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துப் போகலாம். தினமும் ஆபீசுக்கு ஓட்ட அனுமதி கிடையாது.